பெட்டியின் சூடு

லியெபாயாவில்தான் காற்று பிறக்கிறது என்பார்கள்.
பிறந்த கையோடு எங்கள் ஐந்தாம் மாடிச் சன்னலுக்கு
வந்துவிடும், வீறிட்டுக்கொண்டு.
அதனால் அந்த மே மாதம்
மேசைக்கு அடியிலிருந்து கேட்ட இரைச்சலையும்
காற்றின் கணக்கிலேயே எழுதிவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் நகராட்சி வெப்பத்தை நிறுத்தியதும்
ரேடியேட்டர்மேல் கிடந்த ரூடிஸ்
இரண்டு நாள் வீடெங்கும் அலைந்துவிட்டு
கணினிப் பெட்டியின் தலையில் குடியேறியது.
எது சூடு என்று பூனைக்குத் தெரியும்.
ஏன் சூடு என்று அது கேட்பதில்லை.
நானும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன்:
நான் நாற்காலியில் உட்கார்ந்தால் அடங்கும்.
எழுந்து அடுப்படிக்குப் போனால்
மறுபடி இரையும்.
பெரியவர்கள் வந்ததும்
புத்தகத்தை விரித்துக்கொள்ளும் பையனைப் போல.

ஜூனில் மின்கட்டண ரசீது.
இருபத்து மூன்று யூரோ கூடுதல்.
"உன் ரொட்டி அடுப்பு" என்றார் விஸ்வால்டிஸ்.
மூன்று நாள் கடையில் ரொட்டி வாங்கினேன்,
பேசாமல்.

மூன்றாம் மாடி ஜின்த்ரா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள்.
எண்பது டன்னை இரண்டு விரலால் இறக்குகிறவள்
பூனையை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் தந்தாள்.
இணையக் கம்பியைப் பிடுங்கினாள்.
தன் பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி
உள்ளே உறங்குவதுபோல் கிடந்ததை
ராத்திரி முழுக்கத் துழாவவிட்டாள்.

காலையில் அது அகப்பட்டது.
பிரிண்டரின் பெயரைப் போலப் பெயர் வைத்துக்கொண்டு
யாருக்கோ, எங்கேயோ,
எங்கள் மின்சாரத்தில் காசு தோண்டிக்கொண்டிருந்தது.

தேதியையும் பார்த்துச் சொன்னாள்.
மே பதினாறு. இரவு ஒன்பது நாற்பது.
விஸ்வால்டிஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஹாக்கி. மூன்றாம் பகுதி. நாம் ஒரு கோல் பின்னால்.
ஓசியில் காட்டும் ஏதோ ஒரு திரை உறைந்து நின்று
'உங்கள் பிளேயர் பழையது, புதுப்பிக்கவா?' என்றிருக்கிறது.
அந்த நிமிடத்தில் இந்த நாட்டில்
யார்தான் 'இல்லை' என்றிருப்பார்கள்?
அழுத்தியிருக்கிறார்.
நாம் தோற்றும் போனோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வரும்போதே நின்றது.
ஜின்த்ரா அடுத்த பக்கத்தைத் திறந்திருந்தாள்:
உண்மையான புதுப்பிப்புகள்,
அக்டோபரிலிருந்து வரிசையில் நிற்கின்றன.
ஒவ்வொரு முறையும் 'பிறகு நினைவூட்டு' என்றது
என் விரல்.
சூப் கொதிக்கிறது, பிறகு.
அக்கா அழைக்கிறாள், பிறகு.
அவருடைய ஒரு ஆமும்
என்னுடைய நூறு பிறகும்
சேர்ந்துதான் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன.

"படமெல்லாம் அப்படியே இருக்கே,
எதையும் எடுக்கலையே" என்றார் விஸ்வால்டிஸ்.
"வந்தவன் சோம்பேறி.
அதே வழியா அடுத்தவன் வருவான்" என்றாள் ஜின்த்ரா,
கோப்புகளைப் பிரதி எடுத்து, சோதித்து,
மற்றதையெல்லாம் துடைத்துக்கொண்டே.

இப்போது எங்கள் கணினிக்கு இரண்டு வாசல்.
அன்றாடத்துக்கு ஒன்று, அதில் எதையும் நிறுவ முடியாது.
நிறுவ வேண்டுமென்றால் மற்றது,
அதன் சாவிச்சொல் எனக்கு மட்டும்.
"என் வீட்டில் நானே அனுமதி கேட்க வேண்டுமா?"
என்று ஒரு வாரம் முகம் தூக்கி வைத்திருந்தார்.
எனக்கும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.
சாவிச்சொல் என்னிடம்,
அதை எழுதிய நோட்டு இருக்கும் அலமாரிச் சாவி
அவரிடம்.

மாதத்தின் முதல் ஞாயிறு
கையுறைகளுக்கு அடியிலிருந்து வெளி டிஸ்கை எடுத்து
எல்லாவற்றையும் நகலெடுக்கிறேன்.
முடிந்ததும் பிடுங்கிவிடுகிறேன்.
செருகியே கிடக்கும் நகல் நகலே அல்லவாம்.
புதுப்பிப்பு கேட்டால் சூப்பை இறக்கி வைக்கிறேன்.

விளக்கணைக்கும் முன் குனிந்து
பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது
பழக்கமாகிவிட்டது.
சில்லென்றிருக்கிறது.
எனக்கு அது போதும்.

ரூடிஸுக்குத்தான் போதவில்லை.
தினமும் ஒருமுறை ஏறி நின்று
இந்தப் பாதத்தை வைத்து, அந்தப் பாதத்தை வைத்து,
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
இறங்கிப் போகிறது.